வகுப்பு நின்றாலும் தொடர்பு அறுந்துவிடாமல்: பட்டாசு வட்டாரக் கல்லூரிகளுக்கான கலப்புக் கற்பித்தல்

அத்தியாயம் 6

2020 மார்ச் 17ஆம் தேதி தமிழ்நாட்டில் கல்லூரிகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் இறுதியாண்டு மாணவர்கள் திரும்பினார்கள். மற்றவர்கள் 2021 பிப்ரவரி 8ஆம் தேதி வந்தார்கள். மார்ச்சில் மறுபடி பூட்டு. செப்டம்பர் 1ஆம் தேதி திறந்த கல்லூரிகள் 2022 ஜனவரியில் இன்னொரு முறை மூடி, பிப்ரவரியில் திறந்தன. இந்த இரண்டு ஆண்டுகளில் ஜூம், கூகுள் மீட், கூகுள் கிளாஸ்ரூம் எல்லாம் நம் ஆசிரியர்களுக்குப் பழகிவிட்டன. கரும்பலகை தவிர வேறு அறியாதவர்கள்கூட ஒரே மாதத்தில் திரையில் பாடம் நடத்தக் கற்றார்கள். அந்த உழைப்பை யாரும் குறைத்துச் சொல்லிவிட முடியாது.

ஆனால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் கல்லூரி மூடுவதற்கு வேறொரு பொருளும் உண்டு. இங்கே காலையில் ஆலை வேன் ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம், காலண்டர், பைண்டிங் என்று ஏதோ ஒரு வேலை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வாரம் முடிந்தால் சம்பளம். படிப்பில் ஒரு மாதம் இடைவெளி விழுந்தால், அந்த இடத்தை வேலை நிரப்பிவிடும். பெண் பிள்ளையாக இருந்தால் கல்யாணப் பேச்சும் வந்துவிடும். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கல்லூரிக் கட்டணத்துக்காக வேலைக்குப் போயிருந்த மாணவி ஒருவரும் அவர்களில் இருந்ததாக அன்றைய செய்தித்தாள்கள் எழுதின.

எனவே இந்த அத்தியாயம் எந்தச் செயலி நல்லது என்பதிலிருந்து தொடங்கவில்லை. வகுப்பறை பூட்டிய நாளில் ஒரு துறை காப்பாற்ற வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மாணவரோடு உள்ள தொடர்பு. அடுத்து பாடம். மூன்றாவதாகத்தான் நேரலை வகுப்பு. இந்த வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும்.

1. முதலில் வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

பருவம் தொடங்கும் முதல் வாரத்தில், வகுப்பு ஆசிரியர் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கீழ்க்கண்ட கேள்விகளைத் தாளில் எழுதி வாங்க வேண்டும். கூகுள் படிவம் வேண்டாம். போன் இல்லாத மாணவர்தான் அதில் விடுபடுவார். நமக்கு முதலில் தெரிய வேண்டியது அவரைப் பற்றித்தான்.

1. வீட்டில் எத்தனை செல்போன்? நெட் உள்ளது எத்தனை? பகலில் அது யார் கையில் இருக்கும்?
2. ஒரு நாளில் எந்த ஒரு மணி நேரம் உங்களுக்கென்று கிடைக்கும்?
3. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கிறதா, மாடிக்கோ தெருவுக்கோ போக வேண்டுமா?
4. நீங்களோ வீட்டாரோ என்ன வேலை செய்கிறீர்கள்? எந்த மாதங்களில் வேலை அதிகம்?
5. போன் கிடைக்காவிட்டால் யார் மூலம் உங்களுக்குச் செய்தி சொல்லலாம்?
6. எந்தப் பஸ்ஸில் வருகிறீர்கள்? உங்கள் ஊரில் கிளை நூலகம் இருக்கிறதா?

இந்தப் பதில்கள் ஆசிரியரின் கணிப்புகளைப் பலமுறை பொய்யாக்கும். ஓர் எடுத்துக்காட்டு. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வேலைக்குப் போகும் தாய் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், மகளுக்குப் பகல் முழுவதும் போன் கிடைக்கும். அவர் வேனிலோ ஆலை வாசலிலோ ஒப்படைப்பவரானால், மாலை வரை அந்த வீட்டுக்குப் போனே இல்லை. தந்தை லாரி ஓட்டுபவரானால் அவர் ஊர் திரும்பும் நாளில்தான் போன் வரும். காலை பத்து மணி நேரலைக்கு வராத மூன்று பேருக்கும் மூன்று காரணங்கள். அவற்றில் ஒன்றுகூடச் சோம்பல் கிடையாது.

கிடைத்த தாள்களை வைத்து வகுப்பை மூன்று பிரிவாக்குங்கள்: பகலில் போன் உள்ளவர்கள், மாலைக்கு மேல் மட்டும் உள்ளவர்கள், போனை நம்பி இருக்க முடியாதவர்கள். மூன்றாவது பிரிவில் இரண்டு பேர்தான் இருந்தாலும், பாடத்தை அவர்களுக்காகவே முதலில் வடிவமைக்க வேண்டும். அவர்களுக்குப் போய்ச் சேரும் பாடம் மற்ற எல்லோருக்கும் போய்ச் சேரும்.

2. வட்டாரக் காலண்டரைப் பாடத்திட்டத்தோடு பொருத்துங்கள்

பெருந்தொற்று போன்ற பெரிய இடையூறு எப்போதோ ஒரு முறை வரும். சின்ன இடையூறுகள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் பலவற்றை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்துவிடலாம்.

ஜூனில் தொடங்கும் பருவம் பட்டாசுத் தொழிலின் உச்சத்தோடு மோதுகிறது. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவியும். ஆலைக்குப் போகாத மாணவர்கள்கூடக் கடைகளிலும் பேக்கிங்கிலும் கைகொடுப்பார்கள். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதன்பின் டிசம்பர் வரை அச்சகங்களுக்கு ஓய்வில்லை. அடுத்த பருவத்தில் பங்குனிப் பொங்கலும் சித்திரைப் பொங்கலும் வரும். துணைமின் நிலையங்களின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை நாளிதழ்கள் முதல் நாளே அறிவித்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் சில நாட்கள் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்த மழை நமக்கு எவ்வளவு பக்கத்தில் பெய்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

இவற்றோடு வருமானமே நின்றுபோகும் காலங்களும் உண்டு. பட்டாசு பற்றிய 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கல்லூரி திறந்தே இருந்தது. ஆனால் பஸ் செலவுக்கும் கட்டணத்துக்கும் பல வீடுகள் திணறின. கல்லூரி மூடினால் மட்டுமே தொலைநிலைப் பாடம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு சான்று.

துறைக் கூட்டத்தில் இப்படி முடிவெடுங்கள்:

• ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நடத்த வேண்டிய கடினமான அலகுகளை ஜூன், ஜூலையில் வையுங்கள்.
• தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தில், தனித்தனியே படித்துக்கொள்ளக்கூடிய அலகுகளை வையுங்கள். ஒரு வாரம் வராத மாணவர் அடுத்த வாரம் திணறாமல் சேர்ந்துகொள்ள முடியும்.
• தீபாவளி முடிந்ததும் முதல் வாரத்தை மீள்பார்வைக்கென்றே விடுங்கள். அந்த வாரத்தில் புதுப் பாடம் கூடாது.

3. அடித்தளம்: தாள்

தொலைநிலைப் படிப்பு நம் பகுதிக்குப் புதிது கிடையாது. மதுரைப் பல்கலைக்கழகம், இன்றைய காமராசர் பல்கலைக்கழகம், 1971இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அச்சிட்ட பாடம் தபாலில் வரும். விடுமுறை நாட்களில் தொடர்பு வகுப்பு நடக்கும். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கிய ஒரு தலைமுறையை அந்த ஏற்பாடு உருவாக்கியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதே 1971இல்தான் மாணவர்களைச் சேர்த்துப் பாடம் தொடங்கியது. பிபிசி வானொலியும் தொலைக்காட்சியும் துணைக்கு இருந்தபோதும், அதன் முதுகெலும்பு தபாலில் வந்த பாடநூல்தான்.

சிவகாசியில் உட்கார்ந்துகொண்டு அச்சுக்கு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாடு முழுவதும் சுவரில் மாட்டும் காலண்டர் இங்கிருந்து போகிறது. ஒரு அலகுக்கு ஒரு பாரம், அதாவது 16 பக்கம், என்று திட்டமிடுங்கள். ஒரு தாளுக்கு ஐந்து அலகு என்றால் ஐந்து சிறு புத்தகங்கள். ஆப்செட்டில் அடித்து, மடித்து, நடுவில் பின் அடித்தால் போதும். காலண்டர் வேலை சூடுபிடிக்கும் முன், மே மாதத்திலேயே, அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இந்தப் 16 பக்கத்தைப் பாடநூலின் சுருக்கமாக எழுதக் கூடாது. ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது போல இருக்க வேண்டும்:

• பக்கம் 1: இந்த அலகு முடிந்ததும் மாணவரால் என்ன செய்ய முடியும்? மூன்று வரிகள்.
• பக்கம் 2 முதல் 9 வரை: விளக்கம். கலைச்சொல் தேர்வில் ஆங்கிலத்தில் வருமானால், தமிழில் விளக்கிவிட்டு ஆங்கிலச் சொல்லையும் பக்கத்திலேயே கொடுங்கள். ஒவ்வொரு இரண்டு பக்கத்துக்கும் ஒரு கேள்வியும், பதில் எழுத வெற்று இடமும்.
• பக்கம் 10 முதல் 13 வரை: முழுதாகச் செய்துகாட்டிய கணக்குகள், பாதி செய்துவிட்ட கணக்குகள், மாணவரே செய்ய வேண்டிய கணக்குகள்.
• பக்கம் 14: வீட்டையோ தெருவையோ ஆலையையோ பார்த்துச் செய்யும் ஒரு வேலை.
• பக்கம் 15: விடைகள்.
• பக்கம் 16: ஆசிரியரைக் கூப்பிடும் நேரம், துறை எண், அடுத்த தொடர்பு நாள்.

இந்தப் புத்தகங்களைப் பருவம் தொடங்கும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். நாளைக்கே கல்லூரி மூடினாலும் ஐந்து மாதப் பாடம் மாணவரின் பையில் இருக்கும். அதற்கு நெட்டும் கரண்ட்டும் தேவையில்லை.

4. அடுத்த அடுக்கு: இறக்கி வைத்துக்கொள்ளும் குரல்

தாளுக்கு மேல் ஆசிரியரின் குரல் வர வேண்டும். இங்கே சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். நேரலைக் காணொளி நொடிக்கு ஒரு மெகாபிட் என்ற அளவில் ஓடினால், ஒரு மணி நேரத்துக்கு 450 எம்.பி. ஆகும். நாளைக்கு நான்கு வகுப்பு என்றால் 1,800 எம்.பி. 2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரும் டேட்டா கார்டுகளை அறிவித்தது. பெரிய உதவிதான். ஆனால் நான்கு நேரலை வகுப்பில் அது ஏறத்தாழ தீர்ந்துவிடும்.

இப்போது குரல் பதிவைப் பாருங்கள். நொடிக்கு 32 கிலோபிட் தரத்தில் பத்து நிமிடப் பேச்சு 2.4 எம்.பி.தான். ஒரு நாளின் நான்கு பாடத்துக்கும் பத்து எம்.பி. ஆகாது. வாட்ஸ்அப்பில் இரவு இறக்கி வைத்துக்கொண்டு, மறுநாள் சிக்னல் இல்லாத இடத்திலும் கேட்கலாம். ஒரே போனை அக்காவும் தம்பியும் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கு இது பொருந்தும்.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

• ஒரு பதிவில் ஒரு கருத்து. பத்து நிமிடத்தைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள்.
• புத்தகத்தோடு இணைத்துப் பேசுங்கள்: "ஆறாம் பக்கம் எடுங்க. மேலேர்ந்து ரெண்டாவது கணக்கு." கண் தாளில், காது குரலில் இருக்கும்.
• கையால் செய்துகாட்ட வேண்டியது, வரைபடம், இயந்திரம் ஆகியவற்றுக்கு மட்டும் காணொளி. தரத்தைக் குறைத்து, நொடிக்கு 300 கிலோபிட்டில் வைத்தால் பத்து நிமிடம் 22.5 எம்.பி.க்குள் அடங்கும்.
• கோப்பின் பெயரிலேயே தாள், அலகு, பக்கம் இருக்கட்டும். மூன்று வாரம் கழித்துத் தேடுகிறவருக்கு அது பெரிய உதவி.

நன்றாக எடுக்கப்பட்ட பாடம் வேறு இடத்தில் ஏற்கெனவே இருந்தால் நீங்கள் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. 2003இல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2017 ஜூலை 9ஆம் தேதி தொடங்கிய ஸ்வயம், நெட் இல்லாமலே தொலைக்காட்சியில் வரும் ஸ்வயம் பிரபா மூன்றும் இலவசம். ஸ்வயம் வழியாக ஒரு பருவத்தில் 40 சதவீதம் வரையிலான படிப்புகளை எடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை இடம் தருகிறது. அதே ஆண்டு மே மாதம் அக்குழு வெளியிட்ட கலப்புக் கற்பித்தல் கருத்துரையும் ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்றது. மாணவரிடம் வெறும் இணைப்பை அனுப்பிவிட்டு நின்றுவிடாதீர்கள். "இந்தப் பாடத்தில் 12ஆம் நிமிடம் முதல் 20ஆம் நிமிடம் வரை போதும்" என்று குறித்துக் கொடுப்பது ஆசிரியரின் வேலை.

5. மேல் அடுக்கு: நேரலை

நேரலையை விளக்கத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். விளக்கம் புத்தகத்திலும் குரலிலும் வந்துவிட்டது. நேரலை கேள்விக்கானது. ஒரு தாளுக்கு வாரம் ஒரு முறை, 40 நிமிடம், இரவு ஏழரைக்கு மேல். முதல் பத்து நிமிடம் அந்த வாரம் பலர் தடுமாறிய ஓர் இடம். மீதி முழுவதும் மாணவர் கேள்விகள். பதில்களை ஒரு பக்கத்தில் எழுதிப் படமெடுத்து அன்றிரவே குழுவில் போட்டால், வர முடியாதவருக்கு நட்டமில்லை.

கேமரா போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒரே அறையில் சமையலும் படுக்கையும் படிப்பும் நடக்கும் வீட்டை வகுப்பு முழுவதும் பார்க்க வேண்டிய தேவையில்லை. மாணவிகளின் எண்கள் எல்லோருக்கும் தெரியும் வாட்ஸ்அப் குழுவும் தொல்லையைக் கொண்டுவரும். ஆசிரியர் மட்டும் அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் வைத்துக்கொண்டால், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. இந்த ஒரு முடிவால் வீட்டாரின் தயக்கம் பாதி குறைந்துவிடும்.

நேரலையின் செலவைத் தனி மாணவர் தலையில் ஏற்றாமல் இருக்கவும் வழி உண்டு. 2020இல் இலங்கையில், பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக நடந்த ஜூம் வகுப்புகளுக்குத் தொலைபேசி நிறுவனங்கள் டேட்டா கட்டணம் வாங்கவில்லை. அப்படிப்பட்ட ஏற்பாட்டை ஒரு கல்லூரி தனியாகச் செய்ய முடியாது. பல கல்லூரிகள் சேர்ந்து பல்கலைக்கழகத்திடமும் அரசிடமும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

6. ஒரு வாரத்தை வடிவமைப்போம்

பி.காம். இரண்டாம் ஆண்டு, அடக்கவிலைக் கணக்கியல், தொழிலாளர் செலவு என்ற அலகு. எண்ணிக்கைக் கூலி முறையும் டெய்லரின் வேறுபட்ட எண்ணிக்கைக் கூலி முறையும் வரும் வாரம். இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க இந்த மண்ணைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. குரோஸ் கணக்கில் கூலி வாங்கிய கைகள் பல மாணவர்களின் வீட்டில் இருக்கின்றன.

திங்கள்: புத்தகத்தில் நான்கு பக்கம், பத்து நிமிடக் குரல். கணக்குக்காக இப்படி எண்களை வைத்துக்கொள்ளுங்கள்: நாளொன்றுக்குத் தர அளவு 50 குரோஸ், குரோஸுக்கு 10 ரூபாய். ஒருவர் 45 குரோஸ் முடிக்கிறார், இன்னொருவர் 55. நேர் எண்ணிக்கைக் கூலியில் 450 ரூபாயும் 550 ரூபாயும் கிடைக்கும். டெய்லர் முறையில் தரத்துக்குக் கீழே 80 சதவீத வீதம், மேலே 120 சதவீத வீதம் என்று எடுத்தால், முதலாமவருக்கு 360, இரண்டாமவருக்கு 660.

புதன்: மாணவர் தன் வீட்டிலோ தெருவிலோ எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்யும் ஒருவரிடம் பேச வேண்டும். எதை எண்ணுகிறார்கள், யார் எண்ணுகிறார்கள், கழிவு எப்படிக் கழிக்கப்படுகிறது, வாரத்தில் எத்தனை நாள் வேலை என்று கேட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும். அவர் பெயரும் ஆலைப் பெயரும் எழுதக் கூடாது.

வெள்ளி இரவு நேரலை: ஒரே ஒரு கேள்வி. பத்து குரோஸ் வித்தியாசத்துக்கு நேர் முறையில் 100 ரூபாய், டெய்லர் முறையில் 300 ரூபாய். வெடிமருந்தோடு வேலை செய்யும் இடத்தில், அவசரப்பட வைக்கும் கூலி முறை என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு மாணவர்கள் பாடநூலைத் தாண்டி யோசிப்பார்கள். வீட்டில் பெரியவர்களோடு பேசுவார்கள்.

சனி: ஐந்து மதிப்பெண்ணுக்குச் சிறு தேர்வு. தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பலாம், அல்லது கல்லூரி திறந்ததும் கொடுக்கலாம்.

வரலாற்றுத் துறைக்கும் இதே வழி திறந்திருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போய்வந்த அய்ய நாடார், சண்முக நாடார் பற்றியும், தொழிலில் குழந்தைகளை அமர்த்துவது குறித்த 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பற்றியும் கேட்டால் சொல்லக்கூடியவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

7. ஆய்வகம்: ஒரு கண்டிப்பான விதி

வேதியியல் ஆய்வை வீட்டில் செய்யச் சொல்லக் கூடாது. பொது விதியாகவே இது சரி. நம் வட்டாரத்தில் இது உயிர் விதி. பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பொடி எல்லாம் மாணவர் கண்ணில் படக்கூடிய ஊர்கள் இவை. "உங்களுக்குத் தெரிந்த மருந்தை வைத்து" என்று விளையாட்டாகக்கூட ஒரு ஆசிரியர் வாயிலிருந்து வரக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை வேறு: மஞ்சள் நீர், செம்பருத்திச் சாறு கொண்டு அமிலம், காரம் பிரித்தறிதல், ஊர்க் கிணறுகளின் நீரில் சோப்பு நுரைக்கும் அளவை ஒப்பிடுதல், ஆய்வுப் பதிவேட்டுக்கான கணக்கீடுகள். ஸ்ட்ரான்சியம் சிவப்பும், பேரியம் பச்சையும், சோடியம் மஞ்சளும், செம்பு நீலப்பச்சையும் தரும் சுடர்ச் சோதனையை ஆசிரியர் ஆய்வகத்தில் செய்து காணொளியாக எடுக்கட்டும். மாணவர் கையால் செய்ய வேண்டியவற்றை ஒன்றுசேர்த்து, கல்லூரி திறக்கும் வாரத்தில் தொடர்ந்து நான்கு நாள் ஆய்வக முகாமாக நடத்துங்கள். கால அட்டவணையில் வாரம் இரண்டு மணி நேரம் என்று சிதறிக் கிடப்பதைவிட, இடையூறான பருவத்தில் இது நம்பகமானது.

8. ஊர்க் குழுவும் வீட்டுக்கு ஓர் அழைப்பும்

முதல் கேள்வித்தாளின் ஆறாம் கேள்வி இங்கே பயன்படும். மாணவர்களை வரிசை எண்படி பிரிக்காமல் ஊர்ப்படி பிரியுங்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு குழு, தாயில்பட்டிப் பக்கம் ஒன்று, திருத்தங்கல், மாரனேரி, வத்திராயிருப்பு என்று. ஐந்து முதல் எட்டுப் பேர். வேறு வேறு துறையாக இருந்தாலும் பரவாயில்லை. போன் உள்ள ஒருவர் பொறுப்பாளர். வாரம் ஒரு முறை கிளை நூலகத்திலோ பள்ளி வளாகத்திலோ கூடினால், போன் இல்லாதவருக்குக் குரல் பதிவு கேட்கக் கிடைக்கும். அவர் எழுதியதைப் படமெடுத்து அனுப்பவும் முடியும்.

ஒவ்வொரு ஆசிரியருக்கும் இருபது மாணவர்கள். கல்லூரி மூடியிருக்கும் காலத்தில் வாரம் ஒரு முறை ஒவ்வொருவரோடும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். நாளைக்கு நான்கு அழைப்பு, வாரத்துக்கு ஐந்து நாள். மூன்று நாள் பதிலே இல்லையென்றால் வீட்டாரிடம் பேசுங்கள். பேச்சு இப்படித் தொடங்கலாம்:

"வணக்கம்மா. பாப்பாவோட காலேஜ் டீச்சர் பேசுறேன். குத்தம் சொல்லக் கூப்பிடலம்மா. மூணு நாளா பாடத்துல காணோம், உடம்பு எதும் சரியில்லையான்னு கேக்கத்தான். நீங்க வேலை முடிஞ்சு வந்த நேரம், ரெண்டு நிமிசம் பேசலாமாம்மா?"

பிள்ளை வேலைக்குப் போகிறது என்று தெரிந்தால் கண்டிக்காதீர்கள். எந்த நேரம் போகிறார், எந்த நாள் ஓய்வு என்று கேட்டு, அதற்கேற்ற படிப்பு நேரத்தைச் சேர்ந்தே வகுத்துக் கொடுங்கள். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது: 18 வயது நிறையாதவரை வெடிபொருள் வேலையில் அமர்த்துவதை 2016இல் திருத்தப்பட்ட குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. முதலாண்டு மாணவர்களில் 17 வயதினர் இருப்பார்கள். அப்படித் தெரியவந்தால் வீட்டாரிடம் பேசுங்கள். தேவைப்பட்டால் 1098 எண்ணில் உதவி கேளுங்கள்.

உதவித்தொகைத் தாள்களையும் இந்த அழைப்பிலேயே விசாரியுங்கள். 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் தகுதியுள்ள மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஒரு சான்றிதழ் தாமதத்தால் அது நின்றுபோனால், சில வீடுகளில் படிப்பும் நின்றுபோகும்.

9. மதிப்பீடும் வருகையும்

2020இல் பல பல்கலைக்கழகங்கள் இறுதியாண்டுத் தேர்வை வீட்டிலிருந்தே எழுத வைத்தன. தாளில் எழுதி, படமெடுத்துப் பதிவேற்றம் செய்ய முடியாதவர்கள் தபாலில் அனுப்பினார்கள். பதிவேற்றத்தின் கடைசி அரை மணி நேரம் பல மாணவர்களுக்குத் தேர்வைவிடப் பெரிய சோதனையாக இருந்தது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

ஒன்று, அகமதிப்பீட்டை ஒரே தேர்வில் கொட்டாமல், ஐந்தைந்து மதிப்பெண்ணாகப் பிரியுங்கள். ஆறில் சிறந்த நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். மின்தடை ஒரு மாணவரின் பருவத்தையே கெடுக்காது. இரண்டு, காப்பியடிக்க வழியில்லாத கேள்வி கேளுங்கள். அவரவர் வீட்டு எண்களை வைத்துப் போடும் கணக்கை யாரும் யாரிடமிருந்தும் எடுக்க முடியாது. சந்தேகம் இருந்தால் போனில் ஐந்து நிமிட வாய்மொழித் தேர்வு போதும். மூன்று, சமர்ப்பிக்க எப்போதும் இரண்டு வழி வையுங்கள்: படம் அல்லது தாள். தாளுக்கு ஒரு வாரம் கூடுதல் அவகாசம்.

வருகையை நேரலையில் பெயர் கூப்பிட்டு எடுக்காதீர்கள். புத்தகத்தில் எழுதிய பதில், ஊர்க் குழுக் கூட்டம், ஆசிரியர் அழைப்பு, சிறு தேர்வு ஆகிய நான்கில் மூன்று இருந்தால் அந்த வாரம் வந்ததாகக் கொள்ளலாம். இதைக் கல்விக் குழுவில் வைத்து முன்கூட்டியே தீர்மானமாக்கிக்கொள்ளுங்கள்; தேர்வுக் கட்டணம் கட்டும் நாளில் விவாதிக்கக் கூடாது.

10. இடையூறின் அளவுக்கேற்ற நடவடிக்கை

ஓரிரு நாள்: எதையும் மாற்ற வேண்டாம். "புத்தகத்தில் இத்தனையாம் பக்கம் முதல் இத்தனையாம் பக்கம் வரை" என்று ஒரே ஒரு செய்தி.

ஒரு வாரம்: குரல் பதிவும் ஒரு கேள்வி நேரமும். ஊர்க் குழு கூடட்டும்.

ஒரு மாதமும் அதற்கு மேலும்: இருபது பேருக்கு ஓர் ஆசிரியர் அழைப்பு தொடங்க வேண்டும். பாட அளவைக் குறைத்து, முக்கியமான மூன்று அலகில் ஊன்றுங்கள். விதி அனுமதிக்கும் முதல் நாளிலேயே, சிறு குழுவாகவேனும், நேரில் கூட்டுங்கள். 2011 பிப்ரவரி 22ஆம் தேதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் நிலநடுக்கம் வந்தபோது கேன்டர்பரி பல்கலைக்கழகம், கட்டடங்கள் சோதித்து முடியும்வரை காத்திராமல், கூடாரங்களில் வகுப்பு நடத்தியது. நம் வளாகங்களில் வேப்ப மர நிழல் இருக்கிறது.

பருவத்தின் முதல் இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டியவை

1. வீட்டு நிலைக் கேள்வித்தாள் எல்லோரிடமும் வாங்கி, மூன்று பிரிவாக்குதல்.
2. வட்டாரக் காலண்டரோடு அலகுகளைப் பொருத்துதல்.
3. ஐந்து அலகுப் புத்தகங்களையும் மாணவர் கையில் கொடுத்தல்.
4. ஊர்க் குழுக்களும் பொறுப்பாளர்களும்.
5. இருபது பேருக்கு ஓர் ஆசிரியர் பட்டியல். ஒருமுறை ஒத்திகை அழைப்பு.
6. வருகை, அகமதிப்பீடு விதிகளைத் தீர்மானமாக்குதல்.
7. ஒரு நாள் ஒத்திகை: கல்லூரி திறந்திருக்கும்போதே, ஒரு வெள்ளிக்கிழமை முழுவதையும் தொலைநிலையில் நடத்திப் பார்த்து, திங்களன்று யாருக்கு எது எட்டவில்லை என்று கேட்டல்.

இடையூறு முடிந்து கல்லூரி திறக்கும் நாளில், எத்தனை மணி நேரம் நேரலை நடத்தினோம் என்று அறிக்கை எழுதுவதற்கு முன் வருகைப் பதிவேட்டை எடுங்கள். மூடிய நாளில் இருந்த பெயர்கள் அத்தனையும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வராத பெயருக்குரிய ஆசிரியர் அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வாரம் அவருக்கு வகுப்புச் சுமையைக் குறைத்துக் கொடுப்பது துறைத்தலைவரின் பொறுப்பு. நம் கற்பித்தல் தாக்குப்பிடித்ததா என்பதற்கு அந்தப் பதிவேட்டைவிட நேர்மையான அளவுகோல் வேறு இல்லை.